ஊருக்குள் நெரிசல்: இணைப்புச் சாலையை எங்கிருந்து யோசிக்க ஆரம்பிப்பது?

உசிலம்பட்டிப் பக்கத்துச் சிறு ஊர் ஒன்றிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். மதுரையிலிருந்து வரும் மெயின் ரோடு அவர் ஊர்க் கடைவீதிக்குள் நுழைந்துதான் வெளியேறுகிறது. அந்த ஒன்றரைக் கிலோமீட்டரில்தான் பஸ் ஸ்டாண்டு, இரண்டு பள்ளிக்கூடம், மூன்று கல்யாண மண்டபம் எல்லாம். செவ்வாய்க்கிழமை சந்தை கூடினால் கடந்துபோக அரை மணி நேரம் ஆகிறது. ஊருக்குத் தெற்கே கண்மாய்க்கரையை ஒட்டி ஓர் இணைப்புச் சாலை போட்டால் தீரும் என்கிறார்கள் பெரியவர்கள். ரோடு போனால் வியாபாரமும் போய்விடும் என்கிறார்கள் கடைக்காரர்கள். யார் சொல்வது சரி, எங்கிருந்து ஆரம்பிப்பது என்பது அவர் கேள்வி.

சாலைத் திட்டங்களுக்கு அளவை எடுக்கும் வேலையில் 28 வருஷம் இருந்தவன் நான். சங்கிலி பிடித்து அளந்த காலத்தில் ஆரம்பித்து, டோட்டல் ஸ்டேஷன் என்கிற மின்னணு அளவைக் கருவி வந்து, ஜி.பி.எஸ். வந்து, எல்லாவற்றையும் பார்த்தாயிற்று. அந்த அனுபவத்தில் சொல்கிறேன் தம்பி: வரைபடத்தில் கோடு போடுவதற்கு முன்னால் வண்டியை எண்ணுங்கள். ஊருக்குள் வரும் வண்டிகளில் எத்தனை ஊருக்கென்றே வருகின்றன, எத்தனை ஊரைக் கடந்து போகின்றன? இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரியாமல் போட்ட சாலைகளைத்தான் பிற்பாடு ஆடு மேய்க்கவும் நெல் காயப்போடவும் பயன்படுத்துகிறார்கள்.

ஊர்க்காரர்களுக்குப் பதில் தெரியும் என்றுதான் நினைப்பீர்கள். டீக்கடையில் கேட்டால் "எல்லாம் தேனி லாரிதான் சார்" என்பார்கள். லாரி உருவத்தில் பெரிசு, ஹாரன் சத்தமும் பெரிசு, அதனால் அது மட்டும் மனசில் நிற்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் ஊரில் சைக்கிள் கடைத் திண்ணையில் காலை 6 மணிக்கு உட்கார்ந்தேன். தாளில் கட்டம் போட்டு, வண்டி போகப் போக நாலு கோடு நேராக, ஐந்தாவது கோடு குறுக்கே. 9 மணி ஆவதற்குள் பைக்கும் மொபெட்டுமாகக் கட்டம் நிரம்பித் தாளின் பின்பக்கம் போய்விட்டது. லாரிக் கட்டத்தில் பதினோரு கோடு. கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "நெசமாவே இவ்வளவுதானா? நான் இருவது முப்பதுன்னுல்ல நெனச்சேன்" என்றார். அவர் அந்தத் திண்ணையில் பதினைந்து வருஷமாக உட்கார்ந்திருப்பவர்.

வண்டிகளைத் தலைக்கணக்காக எண்ணினால் போதாது, ஒவ்வொன்றும் அடைக்கும் இடத்தை வைத்துக் கணக்கிட வேண்டும். 1934-இல் தொடங்கிய, சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்தியன் ரோடு காங்கிரஸ் இதற்கு அளவு வைத்திருக்கிறது. கிராமப்புறச் சாலைக்கு ஒரு கார் 1 என்றால் பைக் அரை, பஸ்ஸும் லாரியும் 3, டிரெய்லர் கட்டிய டிராக்டர் 4.5, மாட்டுவண்டி 8. மாட்டுவண்டி மெதுவாகப் போவதால் பின்னால் வருபவை எல்லாம் காத்திருக்க வேண்டுமே, அதற்குத்தான் அந்த 8. ஒரு பேச்சுக்கு, உங்கள் கடைவீதியில் ஒரு மணி நேரத்தில் 420 பைக், 60 கார், 18 பஸ், 8 டிராக்டர், 10 லாரி போவதாக வைத்துக்கொள்வோம். பைக் 210, கார் 60, பஸ் 54, டிராக்டர் 36, லாரி 30, ஆக மொத்தம் 390. நீங்கள் பைபாஸில் தள்ளிவிட நினைக்கும் லாரியின் பங்கு அதில் 30தான். பாதிக்கு மேல் பைக், அந்த பைக்குக்காரர்கள் மருந்துக்கடைக்கும் பேங்குக்கும் பூக்கடைக்கும் வந்தவர்கள். எவ்வளவு அருமையான சாலையை ஊருக்கு வெளியே போட்டாலும் அவர்கள் அதில் போக மாட்டார்கள்.

இது என் உதாரணம், உங்கள் ஊரில் நிலவரம் வேறாக இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஊரின் ஒவ்வொரு நுழைவாயிலிலும் இரண்டு பேர், ஒரு நோட்டு, ஒரு கடிகாரம். உள்ளே வரும் வண்டியின் நம்பர் பிளேட்டில் கடைசி நாலு இலக்கமும் நேரமும் எழுத வேண்டும், வெளியே போகும் வண்டிக்கும் அப்படியே. மாலையில் இரண்டு பக்க நோட்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மதுரைப் பக்கம் 10.05-க்கு நுழைந்த வண்டி தேனிப் பக்கம் 10.20-க்குள் வெளியேறிவிட்டால் அது கடந்துபோகும் வண்டி. ஒரு மணி நேரம் கழித்து வெளியேறினால் ஊருக்கு வந்த வண்டி. சந்தை நாளில் கடப்பதற்கே அரை மணி ஆகிறது என்கிறீர்கள், எனவே அன்றைக்கு மட்டும் இடைவெளியைக் கூட்டிக்கொள்ளுங்கள். கல்லூரிப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் இரண்டு ஷிப்டில் முடிந்துவிடும். துறை எடுக்கும் முறையான கணக்கு 7 நாள், 24 மணி நேரம் என்று நடக்கும். உங்களுக்கு மூன்று நாள் போதும்: ஒரு சந்தை நாள், ஒரு சாதாரண நாள், ஒரு முகூர்த்த நாள். முகூர்த்த நாளை விட்டுவிடாதீர்கள். மூன்று மண்டபத்திலும் ஒரே நாளில் விசேஷம் என்றால், வேன்கள் எல்லாம் ரோட்டோரத்தில்தான் நிற்கும், சந்தை நாளைவிட மோசமாக இருக்கும்.

இன்னொரு கணக்கும் எடுங்கள். உங்கள் ஊர் நாலு ரோட்டில், எந்த ரோட்டிலிருந்து எந்த ரோட்டுக்கு எத்தனை வண்டி திரும்புகிறது என்பது. நாலு ரோடு சேரும் இடத்தில் நேராக, இடது, வலது என்று மொத்தம் பன்னிரண்டு விதமாக வண்டி போகும். அந்தப் பன்னிரண்டில் வலது திரும்பும் நாலுதான் எமன். நம்மூரில் இடது பக்கம் ஓட்டுவதால் வலது திரும்புகிறவர் எதிர்வரும் வண்டியை மறித்துத்தான் போக வேண்டும். ஒரு வைக்கோல் லாரி வலது திரும்ப நின்றால் பின்னால் மொத்த வரிசையும் நிற்கும். பல ஊர்களில் நான் பார்த்தது, நெரிசலில் பெரும்பங்கு ஒரே ஒரு வலது திருப்பத்தில் இருக்கும். உதாரணமாக, தேனிப் பக்கமிருந்து வந்து தெற்கே பேரையூர் பக்கம் போகிற வண்டி. அதற்காக ஊரை முழுக்கச் சுற்றி ஐந்து கிலோமீட்டருக்குப் புறவழிச்சாலை போடத் தேவையில்லை. அந்த இரண்டு ரோட்டை மட்டும் சேர்க்கிற 600, 700 மீட்டர் இணைப்பு போதும். பெரிய பைபாஸ் கேட்டுப் பதினைந்து வருஷம் காத்திருக்கும் ஊர்களுக்கு இந்தச் சின்ன இணைப்பைக் கேட்கத் தோன்றாதது எனக்குத் தீராத வருத்தம்.

எண்ணிப் பார்த்ததில் கடந்துபோகும் வண்டி மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே என்றால், என் அனுபவத்தில் புதுச் சாலையால் பெரிய விடிவு கிடைக்காது. அப்போது முதல் வேலை ஊருக்குள்ளேதான். இரு வழிச் சாலை என்பது 7 மீட்டர் அகலம். சமவெளியில், வளைவு அதிகம் இல்லாத இடத்தில், அது ஒரு நாளைக்கு 15,000 கார் அளவு வண்டியைத் தாங்கும் என்பது கணக்கு. ஐந்தரை மீட்டர் சாலைக்கு 6,000. ஒற்றைத் தடமான 3.75 மீட்டருக்கு வெறும் 2,000. இப்போது உங்கள் கடைவீதியை நினைத்துப் பாருங்கள். இரண்டு ஓரமும் பைக்கைக் குறுக்காக நிறுத்துகிறார்கள். ஒரு பக்கத்துக்கு 2 மீட்டர் போனால் மிச்சம் 3 மீட்டர். அரசாங்கம் போட்டுக்கொடுத்தது இரு வழிச் சாலை, நாம் வைத்திருப்பது ஒற்றைத் தடத்தைவிடக் குறுகிய சந்து. பஸ் ஸ்டாண்டுக்குள் நுழையாமல் வாசலிலேயே ஆள் ஏற்றும் பஸ், சந்தைக்கு ஒரே வாசல் வைத்து அதையும் மெயின் ரோட்டைப் பார்த்து வைத்தது, பள்ளிக்கூடம் விடும் நேரமும் ஷேர் ஆட்டோ நிற்கும் இடமும் ஒன்றாக இருப்பது, இவை எல்லாம் ஒரு சென்ட் நிலம்கூட எடுக்காமல் சரிசெய்யக்கூடியவை. கனரக வண்டியைக் குறிப்பிட்ட நேரத்துக்கு ஊருக்குள் விடாமல் தடுக்க மோட்டார் வாகனச் சட்டம் 1988-இல் 115-ஆவது பிரிவு இருக்கிறது. வண்டி நிறுத்தும் இடம் குறிக்க 117-ஆவது பிரிவு இருக்கிறது. சந்தைக்குப் பின்பக்கம் ஒரு வாசல் திறந்தாலே செவ்வாய்க்கிழமை எப்படி மாறுகிறது என்று பார்க்கலாம்.

கடந்துபோகும் வண்டி அதிகம் என்று கணக்கில் வந்தால், அப்போது கோடு போடலாம். முதலில் நேரக் கணக்கு. ஊருக்குள் ஒன்றரைக் கிலோமீட்டரை மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்தால் 9 நிமிஷம். சுற்றிப் போகும் சாலை மூன்றரைக் கிலோமீட்டர், 40-இல் போகலாம் என்றால் ஐந்தேகால் நிமிஷம். டிரைவர் சுற்றித்தான் போவார். ஆனால் மத்தியானம் கடைவீதி காலியாக இருந்து 25-இல் போக முடிந்தால் ஊருக்குள் மூன்றரை நிமிஷம்தான், அப்போது நேராகத்தான் வருவார். அதில் தப்பும் இல்லை. சுற்று ரொம்ப நீண்டுவிட்டால்தான் ஆபத்து. நிலம் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஆறேழு கிலோமீட்டர் தள்ளிக் கோடு போட்டால் நெரிசல் நேரத்தில்கூட யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

இனி கண்மாய்க்கரைக்கு வருவோம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நம் பக்கத்தில் எந்த ஊரில் இணைப்புச் சாலை பேசினாலும் முதலில் கண்மாய்க்கரையைத்தான் கை காட்டுகிறார்கள். புறம்போக்கு, பட்டாதாரர் யாரும் இல்லை, காசு கொடுக்க வேண்டாம், உயரமாக இருக்கிறது, தண்ணீர் ஏறாது. கேட்க நன்றாகத்தான் இருக்கும். கரை என்பது தண்ணீரைத் தாங்க மண்ணைக் கொட்டி மிதித்துக் கட்டியது. அதன் அடியில் வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் மடைகள் ஓடுகின்றன, பல மடைகள் பழைய கல் கட்டுமானம். பத்துப் பன்னிரண்டு டன் ஏற்றிய லாரி நாளெல்லாம் மேலே ஓடினால் மடைக்கல் பிளக்கும், ஓரிடத்தில் பிளந்தால் அந்த வழியாகக் கசிவு ஆரம்பிக்கும். கரையின் மேல்பரப்பு சாலைக்குப் போதாது என்று அகலப்படுத்தப் போனால், உள்வாயில் மண் கொட்டிக் கண்மாயின் கொள்ளளவைக் குறைக்க வேண்டும், அல்லது வெளிப்பக்கம் வயலில் இறங்க வேண்டும். கண்மாய்களை ஆக்கிரமிப்பிலிருந்து காக்கத் தனியாக 2007-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. நீர்நிலை விஷயத்தில் மதுரைக் கிளை உயர் நீதிமன்றத்துக்குப் போக விவசாயிகளும் தயங்குவதில்லை. தடையாணை வந்தால் வேலை அப்படியே நிற்கும். கண்மாய் யார் பொறுப்பு என்பதையும் முதலிலேயே பாருங்கள். 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது கண்மாய்த் தண்ணீர் பாயும் வயல், உள்ளது நீர்வளத் துறையிடம், அதற்குக் கீழே உள்ளது ஊராட்சி ஒன்றியத்திடம் இருக்கும்.

கரையைத் தொடாமல் ஆயக்கட்டு வழியாகப் போனாலும் தண்ணீரை மறந்துவிடக் கூடாது. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஊர்ப் பெயர் வேண்டாம். கோடை நடுவில், வயலெல்லாம் வெடித்துக் கிடந்த நேரத்தில் அளவை எடுத்தோம். பதிவேட்டில் இருந்த வாய்க்கால் எல்லாவற்றுக்கும் சிறுபாலம் குறித்தாயிற்று. அளக்கும்போது கூடவே ஒரு பெரியவர் நடந்து வந்தார், அந்தக் கண்மாய்க்கு நீர்பாய்ச்சி, வயல்களுக்குத் தண்ணீர் திறந்துவிடுபவர். ஓரிடத்தில் நின்று காலால் மண்ணைத் தட்டி, "இங்கன கலுங்குத் தண்ணி சாயும் சார், வாய்க்கா இல்ல, ஆனா சாயும்" என்றார். கலுங்கு என்பது கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிந்து வெளியேறும் இடம். அங்கே கருவேல முள்ளும் ஒரு பள்ளமும்தான் தெரிந்தன. வரைபடத்தில் எதுவும் இல்லை. நான் குறிக்கவில்லை. தப்பு என்னுடையது. சாலை ஆளுயரத்துக்கு மேடாக எழுந்தது. அடுத்த ஐப்பசியில் கண்மாய் நிறைந்து கலுங்கு பாய்ந்தபோது தண்ணீர் போக இடமில்லாமல் மேல்பக்கத்து நெல் ஐந்து நாள் முழுகிக் கிடந்தது. ஆறாம் நாள் ராத்திரி ஊர்க்காரர்கள் மண்வெட்டியோடு வந்து புதுத் தார் ரோட்டை வெட்டிவிட்டார்கள். அந்த இடத்தில் பிறகு குழாய் பதித்தார்கள், முதலிலேயே பதித்திருந்தால் ஆகும் செலவைவிட அதிகமாக ஆனது. அந்தப் பெரியவரிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். "நெல்லு போச்சு, விடுங்க சார். அடுத்த தடவ காலால தட்டிப் பாருங்க" என்றார்.

ஆகவே, உங்கள் ஊர் நீர்பாய்ச்சியையும் ஆடு மேய்ப்பவரையும் கோட்டின் நீளத்துக்கும் நடத்திக் கூட்டிப் போங்கள், அதுவும் மழை ஓய்ந்த மார்கழியில். நீர் நின்ற அடையாளம் முள்மரத்தின் அடிப்பட்டையில் தெரியும். மண்ணையும் அப்போதே பாருங்கள். செவல் மண் என்றால் நிம்மதி. கரிசல் என்றால் அது கோடையில் வெடித்து மழையில் உப்பும். சரளை மண் தடிமனாகப் போட்டு இறுக்காமல் மேலே தார் ஊற்றினால், இரண்டே மழையில் சாலை அலையலையாகிவிடும்.

நிலத்துக்கு வருவோம். 15 மீட்டர் அகலத்தில் ஒரு கிலோமீட்டர் சாலைக்கு ஒன்றரை ஹெக்டேர், ஏறக்குறைய மூன்று ஏக்கர் எழுபது சென்ட் வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் போய் எந்த சர்வே எண் நிலம் யாருடையது, என்ன வகை என்று சொல்லும் அ-பதிவேட்டையும், நில எல்லைகளைக் காட்டும் புல வரைபடத்தையும் பாருங்கள். வண்டிப்பாதை, களம், ஓடைப் புறம்போக்கு என்று எவ்வளவு கிடக்கிறது என்று ஆச்சரியமாக இருக்கும். நான் பார்த்த ஒரு திட்டத்தில் பாதித் தூரத்துக்கு மேல் பழைய வண்டிப்பாதை இருந்தது, இரண்டு பக்கத்துக்காரர்களும் வரப்பைத் தள்ளித் தள்ளி அதை ஒற்றையடிப் பாதையாக்கி வைத்திருந்தார்கள். சர்வேயரை வைத்துக் கல் நட்டதும் பாதை வெளியே வந்தது. அந்த மாதிரி இடத்தில் யாரிடமும் நிலம் பறிக்க வேண்டியதில்லை.

பட்டா நிலம் எடுத்தே ஆக வேண்டும் என்றால், மாநில நெடுஞ்சாலைத் துறை தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டம் 2001-இன் கீழ் எடுக்கும். அதில் 15-ஆவது பிரிவில் நோட்டீஸ் வரும், நிலத்துக்காரர் ஆட்சேபம் சொல்லலாம். இந்தச் சட்டத்தை மத்திய அரசின் 2013-ஆம் ஆண்டு நிலமெடுப்புச் சட்டத்திலிருந்து விலக்கி வைத்ததை 2019-இல் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதே வருஷம் மாநில அரசு புதுச் சட்டம் கொண்டுவந்து உயிர் கொடுத்தது, 2021-இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லும் என்றது. நிலத்துக்காரருக்கு இதில் தெரிய வேண்டியது, 2013 சட்டத்தின் கணக்குப்படி சந்தை மதிப்போடு அதற்குச் சமமான ஆறுதல் தொகையும் சேரும் என்பது. பத்திரத்தில் மதிப்பைக் குறைத்துக் காட்டிப் பதிந்து பழகிய பக்கங்களில் இந்த இடத்தில்தான் அடி விழுகிறது. பதிவான பத்திர மதிப்பையும் அரசு வழிகாட்டி மதிப்பையும் வைத்துத்தான் சந்தை மதிப்பு போடுவார்கள். நிலம் போகிற குடும்பங்களிடம் இதைக் கூட்டத்தில் போட்டு உடைக்காமல், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து முன்கூட்டியே சொல்லுங்கள். ஒருவருடைய முக்கால் ஏக்கரைச் சாலை குறுக்காக வெட்டினால் இரண்டு பக்கமும் முக்கோணமாக மிச்சம் நிற்கும், உழவுக்கும் ஆகாது, விற்கவும் முடியாது. கோட்டைக் கொஞ்சம் வளைத்து வரப்போரமாகக் கொண்டுபோனால் அவர் சம்மதிப்பார். நேர்கோடு காகிதத்தில் அழகு. வரப்பை மதிக்கிற கோடுதான் சீக்கிரம் சாலையாகிறது.

இன்னொரு வழி மனைப்பிரிவுகள். உங்கள் ஊர் ஓரத்திலும் கலர் கொடி கட்டிக் கல் நட்டிருப்பார்கள். அங்கீகாரம் வாங்கும் மனைப்பிரிவில் சாலையைத் தானப்பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுத்தாக வேண்டும். இணைப்புச் சாலையின் கோடு முழுமைத் திட்டத்தில் (மாஸ்டர் பிளானில்) முன்பே இருந்தால், மனைப்பிரிவு போடுகிறவர் தன் பெரிய சாலையை அந்தக் கோட்டிலேயே வைக்கும்படி செய்யலாம். இல்லாவிட்டால் மூன்று மனைப்பிரிவுக்கும் மூன்று திசையில் சாலை கிடக்கும், ஒன்றோடொன்று சேராது. ஒரு எச்சரிக்கை: நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-இன் 38-ஆவது பிரிவுப்படி, சாலைக்கென்று ஒதுக்கிய நிலத்தை மூன்று வருஷத்துக்குள் கையகப்படுத்தாவிட்டால் ஒதுக்கீடு விடுபட்டுப் போகும். கோடு போட்டாயிற்று என்று நிம்மதியாக உட்கார்ந்த ஊர்கள் கோட்டையும் இழந்திருக்கின்றன.

சாலையின் இரண்டு முனைகளையும் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உடல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் முனை கெட்டால் சாலை கெட்டது. நாலு ரோடு குறுக்காகச் சந்தித்தால் வண்டிகள் ஒன்றோடொன்று மோத வாய்ப்புள்ள புள்ளிகள் 32. மூன்று ரோடு சேர்ந்தால் 9தான். ஆகவே இணைப்புச் சாலை மெயின் ரோட்டில் சேரும் இடத்துக்கு நேர் எதிரே ஏற்கெனவே ஒரு தெருவோ கிராமச் சாலையோ இருந்தால், அந்த இடத்தை விட்டுத் தள்ளிச் சேருங்கள். வளைவுக்கு உள்ளேயும் பாலத்தின் இறக்கத்திலும் சேர்க்கவே கூடாது. முனையில் வலது திரும்ப நிற்கும் வண்டிக்கென்று ஒரு தடம் கூடுதலாக ஒதுக்க இடம் எடுத்துவையுங்கள், பிற்பாடு அந்த மூலையில் யாராவது டீக்கடை போட்டுவிடுவார்கள். நெரிசல் கடைவீதியிலிருந்து கிளம்பிப் போய் முனையில் உட்கார்ந்த கதை எனக்குத் தெரிந்து நாலைந்து ஊரில் உண்டு. அந்த முனைகளில் போகிற உயிர்களும் பெரும்பாலும் பைக்கில் போகிற உயிர்கள்.

கடைக்காரர்களின் பயத்துக்கு வருகிறேன். அதைச் சிறுசாக நினைக்காதீர்கள். லாரி டிரைவரை நம்பி நடக்கும் பரோட்டாக் கடை, பஞ்சர் கடை, பெட்ரோல் பங்க் ஆகியவற்றுக்கு நிச்சயம் அடி விழும். ஜவுளி, நகை, மளிகை, மருந்து, பூ இவற்றுக்கு விழாது, சுற்று வட்டாரக் கிராமத்து ஜனம்தான் அவர்கள் கிராக்கி. நிற்க இடம் கிடைத்தால் இன்னும் கூடுதலாக வருவார்கள். உங்கள் நம்பர் பிளேட் நோட்டைக் கடைக்காரர் சங்கத்தில் விரித்துக் காட்டுங்கள். வியாபாரத்தைவிட நான் அதிகம் பயப்படுவது பஸ்ஸை. பைபாஸ் ரைடர் என்று பலகை மாட்டியதும் ஊருக்குள் வராமல் போகும் பஸ்களை நாம் பார்க்கவில்லையா? மேலூருக்கும் திருமங்கலத்துக்கும் டிக்கெட் எடுத்தவர்கள் ராத்திரி பதினொரு மணிக்கு நாலு வழிச் சாலையில் இறங்கி, கைக்குழந்தையோடு இருட்டில் நின்றதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். எனவே மனுவிலேயே எழுதுங்கள்: இணைப்புச் சாலை சரக்கு வண்டிக்கும் கடந்துபோகும் காருக்கும், பஸ் எல்லாம் பஸ் ஸ்டாண்டுக்குள் வந்தே போக வேண்டும் என்று.

சாலை வந்த பிறகு அதன் இரண்டு ஓரத்தையும் காப்பது எல்லாவற்றையும்விடக் கஷ்டம். மதுரை ரிங் ரோட்டைப் பாருங்கள். உத்தங்குடியிலிருந்து கப்பலூர் வரை 27 கிலோமீட்டர், ஊரைத் தொடாமல் போவதற்காகப் போட்டது. ஆஸ்பத்திரிகள் வந்தன, மண்டபங்கள் வந்தன, பாண்டிகோயில் பக்கம் மேம்பாலமே கட்ட வேண்டி வந்தது. ஊர் வளர்வது தப்பில்லை. ஒவ்வொரு கடைக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் மெயின் ரோட்டிலேயே வாசல் விட்டதுதான் பிரச்சினை. நெடுஞ்சாலைகள் சட்டத்திலேயே கட்டடக் கோடு, கட்டுப்பாட்டுக் கோடு என்று குறிக்க அதிகாரம் இருக்கிறது. சாலை திறக்கும் முன்பே அதைக் குறித்து, வாசல்கள் எல்லாம் பக்கத்துத் தெரு வழியாக என்று முடிவு செய்தால் இருபது வருஷம் அது இணைப்புச் சாலையாக இருக்கும். இல்லையென்றால் இன்னொரு கடைவீதி.

நிலத்தைக் கொடுத்துச் சாலை வாங்குவது மதுரைக்குப் புதிதும் இல்லை. 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்க்கும்போது, இடித்துச் சமன்செய்யும் ஆட்களுக்கு அந்த இடத்தையே கொடுத்தார். அப்படி வந்தவைதான் நான்கு வெளி வீதிகளும். அந்த வேலையைப் பார்த்தவர்களின் பெயரில் மாரெட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் இன்றும் இருக்கின்றன. பிளாக்பர்ன் நினைவாக நிறுத்தியதுதான் விளக்குத்தூண். மாசி வீதிகளுக்குள் அடைபட்டுக் கிடந்த ஊர் மூச்சுவிட்டது அப்போதுதான். விளக்குத்தூண் பக்கம் ஜவுளி எடுக்கப் போகும்போது ஒரு நிமிஷம் நின்று பாருங்கள்.

நடைமுறைக்கு: முதலில் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, உங்கள் ரோட்டில் கடைசியாக எடுத்த போக்குவரத்துக் கணக்கைக் கேளுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். அது வருவதற்குள் உங்கள் மூன்று நாள் கணக்கை முடியுங்கள். இரண்டையும் சேர்த்துப் பேரூராட்சி மன்றத்தில் தீர்மானம் போடச் சொல்லுங்கள். கோடு பக்கத்து ஊராட்சி எல்லைக்குள் போனால் அந்தக் கிராம சபையிலும் வையுங்கள், வருஷத்துக்கு ஆறு முறை கூடுகிறது. தீர்மான நகல், கணக்குத் தாள், புல வரைபடத்தில் பென்சிலால் போட்ட கோடு, மூன்றையும் எடுத்துக்கொண்டு நெடுஞ்சாலைத் துறைக் கோட்டப் பொறியாளரைப் பாருங்கள். வெறும் மனுவோடு வருபவர்களை அவர்கள் தினமும் பார்க்கிறார்கள், எண்ணோடு வருபவர்களை எப்போதாவதுதான். கோட்டைப் பென்சிலாலேயே போடுங்கள் தம்பி, நீர்பாய்ச்சியோடு ஒரு தடவை நடந்துவிட்டு வந்தால் இரண்டு இடத்திலாவது அழித்துப் போட வேண்டியிருக்கும்.